மூன்று ஏக்கர் காலி மனை: டர்பனில் வீடுகள் கட்டப் புதிதாக இறங்குபவர்களுக்கு

"அண்ணா, இடம் சும்மாதான் கிடக்குது. புல்லை வெட்டிட்டு ஒரு பிளான் போட்டுக் குடுங்க."

எனக்கு வரும் போன்களில் பாதி இப்படித்தான் தொடங்கும். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் கட்டட வரைபடம் போடுவது என் தொழில். கேட்பவர் பெரும்பாலும் தாத்தா காலத்து நிலத்தைக் கையில் வைத்திருக்கும் உள்ளூர்த் தமிழ்க் குடும்பமாக இருப்பார். இல்லாவிட்டால் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்து, நாலு பேராகச் சேர்ந்து நிலம் வாங்கி வீடுகள் கட்டலாம் என்று கிளம்பியவர்களாக இருப்பார்கள். எல்லோருக்கும் நான் சொல்லும் முதல் பதில் ஒன்றுதான். பிளான் கடைசியில். அங்கே என்னென்ன இருக்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம்.

அப்படி ஒரு போனுக்குப் பிறகு டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் மூன்று ஏக்கர் நிலத்தைப் பார்க்கப் போனேன். ரோட்டோரத்தில் சிவப்புப் பூச்சு உதிர்ந்த ஐந்து படிகள் இருந்தன. ஏறிப் போனால் மேலே வீடு இல்லை. இடுப்பளவுக்கு உண்ணிச்செடி. அதற்கு நடுவே வரிசை பிடித்த மாதிரி ஆறு மாமரங்கள், பக்கத்தில் ஒரு கறிவேப்பிலைப் புதர். சரிவின் அடிவாரத்தில் கால் வைத்தால் சதசதவென்று ஈரம். பின் மூலையில் துருப்பிடித்த நாலு தகரம், உள்ளே ஒரு கல். கல்லில் குங்குமம் புதிதாக இருந்தது. அதுதான் என்னை நிறுத்தியது. யாரோ இன்னும் வந்து போகிறார்கள்.

இந்த மூன்று ஏக்கரை வைத்தே மீதியையும் சொல்கிறேன்.

புதிதாக வந்தவர்களுக்கு ஒரு சிறு பின்னணி வேண்டும். நகரத்துக்கு இவ்வளவு பக்கத்தில் எப்படி இத்தனை நிலம் வெறுமனே கிடக்கிறது? 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் 342 பேர் இங்கே வந்து இறங்கினார்கள். கரும்புத் தோட்ட ஒப்பந்தம் முடிந்தவர்களில் பலர் கேட்டோ மேனர் போன்ற இடங்களில் காய்கறி பயிரிட்டுப் பிழைத்தார்கள். பிறகு ஆப்பிரிக்கக் குடும்பங்களும் அங்கே வந்து நெருக்கமாகக் குடியேறின. 1950-இல் இனவாரிக் குடியிருப்புச் சட்டம் வந்தது. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் ஆப்பிரிக்கர்களை க்வாமாஷுவுக்கும் உம்லாசிக்கும் அனுப்பினார்கள், நம்மவர்களைச் சாட்ஸ்வொர்த்துக்கு. வீடுகள் இடிந்தன, கோயில்கள் பல மட்டும் தப்பி நின்றன. நிலம் பல பத்தாண்டுகள் புதராகக் கிடந்தது. நான் பார்த்த மூன்று ஏக்கரும் அப்படிப் பறிபோய், நிலமீட்புச் சட்டத்தின் வழியே குடும்பத்துக்குத் திரும்பி வந்ததுதான்.

முதலில் காகிதம்

நிலத்தில் இறங்குவதற்கு முன் நாலு விஷயத்தைக் காகிதத்தில் பார்த்துவிடுங்கள்.

பத்திரம் பீட்டர்மாரிட்ஸ்பர்க் டீட்ஸ் ஆபீஸில் பதிவாகியிருக்கும். அதில் இருக்கும் பெயர்க்காரர் உயிரோடு இருக்கிறாரா என்பதுதான் முதல் கேள்வி. சிரிக்காதீர்கள். எங்கள் ஊர்த் திட்டங்கள் அதிகம் சிக்குவது தவளையாலும் இல்லை, கோயிலாலும் இல்லை. தாத்தா பெயரிலேயே நிற்கும் பத்திரத்தால்தான். ஹைகோர்ட் மாஸ்டர் அலுவலகத்தில் சொத்து நிர்வாகியை நியமித்து, வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போட்டு, நிலம் உரியவர் பெயருக்கு மாறும் வரை எந்த நிபுணருக்கும் காசு கொடுக்காதீர்கள். ஆஸ்திரேலியாவில் இருக்கும் ஒரு சித்தப்பா மகன் போதும், ஒரு வருஷம் போய்விடும். பழைய பத்திரத்தில் இன்ன இனத்தார்தான் குடியிருக்கலாம் என்று ஒரு வரி இருந்தால் பதற வேண்டாம், அதற்கு இப்போது எந்த மதிப்பும் கிடையாது. ஆனால் மற்ற நிபந்தனைகள், அதாவது ஒரு மனையில் ஒரு வீடுதான், ரோட்டிலிருந்து இத்தனை அடி விட வேண்டும் என்பவை, நீக்கப்படும் வரை உயிரோடுதான் இருக்கும்.

அடுத்தது சர்வேயர் ஜெனரல் வரைபடம். எல்லை, சாக்கடைக் குழாய் போகும் வழியுரிமை, மின்கம்பி போகும் வழியுரிமை எல்லாம் அதில் தெரியும். குழாய்க்கு மேல் வீடு கட்ட விடமாட்டார்கள்.

மூன்றாவது, நிலமீட்புக் கோரிக்கை ஏதாவது இருக்கிறதா என்ற விசாரணை. 1994-ஆம் ஆண்டின் சட்டப்படி, 1913 ஜூன் 19-க்குப் பிறகு இனவாதச் சட்டங்களால் நிலத்தை இழந்தவர்கள் 1998 டிசம்பர் 31 வரை கோரிக்கை வைக்க முடிந்தது. தீராத கோரிக்கைகள் இன்னும் இருக்கின்றன. அரசிதழில் வெளியான கோரிக்கை உள்ள நிலத்தை விற்பதானாலும் மனை பிரிப்பதானாலும் ரீஸோனிங் (நிலத்தின் பயன்பாட்டு வகையை மாற்றுவது) செய்வதானாலும் நிலமீட்பு ஆணையத்துக்கு ஒரு மாதம் முன்பே எழுதித் தெரிவிக்க வேண்டும். வாங்கும் முன் ஆணையத்தின் மாகாண அலுவலகத்தில் எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். பறிபோன நிலத்தில் நின்றுகொண்டு, அது யாருடையது என்று கேட்காமல் அஸ்திவாரம் தோண்டுவது நமக்கே அழகில்லை.

நாலாவது ஸோனிங், அதாவது அந்த நிலத்தில் எதைக் கட்டலாம் என்ற நகர விதி. இதோடு சேர்த்து டிமாஸ் என்ற பெயரையும் மனதில் வையுங்கள். டர்பன் மாநகரின் திறந்தவெளி அமைப்பு அது. காடு, புல்வெளி, ஈரநிலம், ஆற்றோரம் எல்லாவற்றையும் இணைத்து மாநகராட்சி போட்ட வரைபடம், நகரத் திட்டத்துக்குள்ளேயே சேர்க்கப்பட்டது. உங்கள் மனையின் ஒரு மூலையில் டிமாஸ் பச்சை விழுந்தால், அந்த மூலையில் மாநகராட்சியின் சுற்றுச்சூழல் பிரிவு ஒப்புக்கொள்ளாமல் எதுவும் செய்ய முடியாது. நிலம் உங்களுடையதே, வரி கட்டுவதும் நீங்களே, ஆனாலும் அப்படித்தான். மாநகராட்சியின் இணைய வரைபடத்திலேயே பார்த்துவிடலாம். நிலம் வாங்கப் போகிறவர்கள் விலை பேசும் முன் பார்க்க வேண்டியது இது. எங்கள் மூன்று ஏக்கரில் கீழ்ப்பகுதி, அந்தச் சதசத ஈரம், முழுவதும் பச்சை.

மூன்று தடவை நடங்கள்

ஒரு தடவை காலையில். வயதானவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அந்தக் குடும்பத்து ஆயா, அதாவது பாட்டி, பன்னிரண்டு வயதுவரை அங்கே வளர்ந்தவர். பக்கியிலிருந்து (சின்ன லாரி) இறங்கியதும் எங்களை விட்டுவிட்டு நேராக மூன்றாவது மாமரத்துக்குப் போனார். "இதுக்கு அந்தப் பக்கம் கிணறு, அம்மா மூடச் சொல்லிக்கிட்டே இருக்கும்" என்றார். உண்ணிச்செடியை விலக்கிப் பார்த்தால் தகரத்தைப் போட்டு மண் தள்ளிய ஒரு வட்டம். அந்த இடத்தில் டிஎல்பி, அதாவது மண் தோண்டும் வண்டி, ஏறியிருந்தால் ஓட்டுநர் உள்ளே போயிருப்பார். எந்தச் சர்வே வரைபடத்திலும் அந்தக் கிணறு இல்லை.

அக்கம்பக்கத்தில் குடிசை போட்டிருப்பவர்களிடமும் பேசுங்கள். எந்த வழியாக நடக்கிறார்கள், எங்கே தண்ணீர் எடுக்கிறார்கள், யார் வந்து கல்லுக்குக் குங்குமம் வைக்கிறார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். எங்களுக்கும் அவர்கள்தான் சொன்னார்கள். சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு அம்மா வெள்ளிக்கிழமைகளில் வருகிறாராம்.

இரண்டாவது தடவை, பெரிய மழை பெய்த மறுநாள். தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே நிற்கிறது என்று போனில் படம் எடுத்து வையுங்கள். பொறியாளரின் கணக்கைவிட இந்தப் படங்கள் சில நேரம் சீக்கிரம் உண்மையைச் சொல்லிவிடும்.

மூன்றாவது தடவை இரவில், டார்ச்சோடு. தனியாகப் போகாதீர்கள், இந்த ஊரில் அது தேவையில்லாத வீரம். இரவில் ஏன் என்று எல்லோரும் கேட்பார்கள். டர்பன் பக்கத்துக் கடலோரப் புதர்களில் கருந்தலைக் குட்டைப் பச்சோந்தி என்று ஒன்று வாழ்கிறது. விரல் நீளம்தான். பகலில் கண்ணெதிரே இருந்தாலும் தெரியாது. இரவில் தண்டு நுனியைப் பிடித்துக்கொண்டு தூங்கும்போது உடம்பு வெளுத்துவிடும், டார்ச் வெளிச்சத்தில் இலைகளுக்கு நடுவே வெள்ளைத் துணி நூல் மாட்டியது போலத் தெரியும். அன்று அரை மணி நேரத்தில் ஏழு எண்ணினோம். ஒன்றன் வாலுக்குப் பக்கத்தில் தீக்குச்சி அளவில் குட்டிகள் இரண்டு. முட்டையிடாமல் குட்டி போடும் இனம் அது. நிலத்தின் சொந்தக்காரர், ஐம்பது வயது மனிதர், "இத்தனை நாள் இது இங்கேயே இருந்ததா?" என்று மெதுவாகக் கேட்டார். அவரிடம் நான் நாலு சட்டப் பிரிவுகளை விளக்கியிருந்தாலும் அந்த வேலை நடந்திருக்காது.

பழையது எது

க்வாஸுலு நட்டாலில் தொன்மைப் பாதுகாப்பைப் பார்ப்பது அமாஃபா. ஜூலு மொழியில் அந்தச் சொல்லுக்குப் பரம்பரைச் சொத்து என்று பொருள். அலுவலகம் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில்.

நினைவில் வைக்க வேண்டிய எண் 60. அறுபது ஆண்டுக்கு மேல் வயதான எந்தக் கட்டுமானத்தையும் அமாஃபாவின் அனுமதி இல்லாமல் இடிக்கவோ மாற்றவோ கூடாது. அரண்மனையாக இருக்க வேண்டியதில்லை. மரச்சட்டமும் தகரமுமாக நிற்கும் பழைய வீடும் இதில் வரும். இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. 1960-களின் நடுவில் கட்டிய சாட்ஸ்வொர்த் வீடுகள் இப்போது ஒவ்வொன்றாக அறுபதைத் தாண்டுகின்றன. யாரை எங்கிருந்து விரட்டினார்களோ அந்தக் கேட்டோ மேனர் வீடுகள் போய்விட்டன, விரட்டிக் கொண்டுபோய் வைத்த வீடுகள் தொன்மை ஆகின்றன. சரி, வேலைக்கு வருவோம்.

அடுத்த எண் 5,000 சதுர மீட்டர், நம் கணக்கில் ஒன்றேகால் ஏக்கர். அதைவிடப் பெரிய மனையின் தன்மையை மாற்றும் எந்தத் திட்டத்தையும் ஆரம்பத்திலேயே அமாஃபாவுக்குத் தெரிவிக்க வேண்டும். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட மனைகளைச் சேர்த்துச் செய்தாலும் அப்படியே. 10,000 சதுர மீட்டருக்கு மேல் ரீஸோனிங் என்றாலும், 300 மீட்டருக்கு மேல் ரோடோ குழாயோ போட்டாலும் அதே கதை. அவர்கள் தொன்மைத் தாக்க அறிக்கை கேட்கலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம். வேண்டாம் என்றால் அதை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

கல்லறைகள் தனி விஷயம். மாநகராட்சி நிர்வகிக்கும் இடுகாட்டுக்கு வெளியே இருக்கும் அறுபது ஆண்டு தாண்டிய கல்லறையை அனுமதி இல்லாமல் தொட முடியாது. அதற்கு முன் சொந்தக்காரர்களைத் தேட வேண்டும், அறிவிப்பு ஒட்டி 60 நாள் காத்திருக்க வேண்டும். புதிய கல்லறை என்றால் வேறு சட்டங்கள் பிடிக்கும். கற்கள் வரிசையாகக் குவிந்திருந்தாலோ, எனாமல் பாத்திரம் ஒன்று கவிழ்ந்து கிடந்தாலோ, தனியாக ஒரு கற்றாழைக் கூட்டம் நின்றாலோ அதைச் சுற்றிப் போங்கள். தெரிந்தவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

இனி என் தப்பு. தொழிலுக்கு வந்த புதிதில், வேறொரு மனையில், புதருக்குள் கிடந்த ஒரு கல் மேடையை வரைபடத்தில் "இடிபாடு, அகற்றப்படும்" என்று குறித்துவிட்டேன். வெயில் கடுமை, பக்கத்தில் போய்ப் பார்க்கவில்லை. அது அந்தக் குடும்பத்தின் குலதெய்வம். வரைபடம் பங்காளிகள் எல்லோருக்கும் மெயிலில் போனது. அன்று மாலை வந்த போன்களை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது. பிளானைத் திரும்ப வரைந்தேன், ஆறு வாரம் போயிற்று, கூலி கேட்க வாய் வரவில்லை. அதற்குப் பிறகு மனையில் இருக்கும் ஒவ்வொரு கல்லுக்கும் ஓர் எண், ஒரு படம், "யாரிடம் கேட்டோம்" என்று ஒரு கட்டம். அதைச் செய்யாமல் கோடு போடுவதில்லை.

சின்னக் கோயிலானாலும் ஊர்க் கோயிலானாலும் அதை நகர்த்தலாம் என்று சுலபமாகச் சொல்லிவிடாதீர்கள். நகர்ந்த கோயில்கள் உண்டு. உம்பிலோ ஆற்றங்கரையில் இருந்த பழைய கோயிலை வெள்ளம் கொண்டுபோன பிறகுதான், கேட்டோ மேனர் பெல்லேர் ரோட்டில், இப்போது வுசி ம்சிமேலா ரோடு, அம்பலவாணர் ஆலயத்தை 1947-இல் எழுப்பினார்கள். ஆனால் அங்கே நகர்த்தியது ஆறு. கார் நிறுத்த இடம் போதவில்லை என்பதற்காகக் கல்லைப் பெயர்ப்பது வேறு.

உயிருள்ளது எது

இங்கேதான் புதியவர்கள் ஒரு வார்த்தையில் ஏமாறுகிறார்கள். சுற்றுச்சூழல் விதிகளில் "உள்நாட்டுத் தாவரப் பரப்பு" என்று வரும். நம் நிலத்தில் இருப்பது உண்ணிச்செடிதானே, அது வெளிநாட்டுக் களைதானே, அப்படியானால் விதி பொருந்தாது என்று நினைப்பார்கள். வரையறையைப் படியுங்கள். கடந்த பத்து ஆண்டுகளில் மேல்மண் சட்டப்படி கிளறப்படாமல், இந்த மண்ணின் செடிகள் இயல்பாக வளரும் இடம் என்றால், களை எவ்வளவு ஏறியிருந்தாலும் அது உள்நாட்டுத் தாவரப் பரப்புதான். "சட்டப்படி" என்ற சொல்லையும் கவனியுங்கள். அனுமதி இல்லாமல் போன வருஷம் டிஎல்பி விட்டுத் தள்ளிவிட்டு, "கிளறிய மண்தானே" என்று சொல்ல முடியாது.

அப்படிப்பட்ட பரப்பில் 1 ஹெக்டேர் முதல் 20 ஹெக்டேருக்குள் அழிக்க வேண்டுமானால் அடிப்படை மதிப்பீடு என்ற நடைமுறை. 20 ஹெக்டேரும் அதற்கு மேலும் என்றால் முழு மதிப்பீடு. 1 ஹெக்டேர் என்பது ஏறக்குறைய இரண்டரை ஏக்கர். எங்கள் மூன்று ஏக்கர் கோட்டைத் தாண்டிவிட்டது. ஆனால் அழிக்கும் பரப்பைத்தான் கணக்கிடுவார்கள், மனையின் மொத்த அளவை அல்ல. கீழ்ப்பகுதியைத் தொடாமல் விட்டால் கோட்டுக்குக் கீழே வந்துவிடுகிறோம். ரொம்ப மகிழ்ந்துவிடாதீர்கள். அழியும் நிலையில் இருப்பதாகப் பட்டியலிட்ட தாவர வகை என்றால் 300 சதுர மீட்டரே போதும், அனுமதி வேண்டும். டர்பன் மேட்டுப் பகுதிகளின் மணற்கல் புல்வெளி அந்த வகை. வெறும் புல் என்று நினைத்து அதில் கை வைத்தவர்கள் நிறையப் பேர்.

செய்ய வேண்டியது இது. ஈயாப்சா என்ற பதிவு அமைப்பில் பதிவு செய்த சுற்றுச்சூழல் மதிப்பீட்டாளர் ஒருவரைப் பிடியுங்கள். 2022 ஆகஸ்ட்டிலிருந்து பதிவு கட்டாயம், பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அவர் அரசின் இணைய வடிகட்டிக் கருவியில் உங்கள் எல்லையைப் போட்டதும், அங்கே என்ன செடி, என்ன விலங்கு, என்ன தொன்மை எதிர்பார்க்கலாம் என்று ஓர் அறிக்கை வரும். எந்தெந்த நிபுணர் தேவை என்பது அதிலிருந்து தெரியும். விண்ணப்பம் போட்ட பிறகு மதிப்பீட்டு அறிக்கை கொடுக்க 90 நாள், அதற்குள்ளேயே பொதுமக்கள் கருத்துக்கு 30 நாள். அதிகாரிகள் முடிவு சொல்ல 107 நாள். முடிவு வந்ததும் மேல்முறையீட்டுக்கு 20 நாள். ஆகவே மழைக்கு முன் அஸ்திவாரம் போட்டுவிடலாம் என்று பங்காளிகளுக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். அனுமதி இல்லாமல் தொடங்கிவிட்டுப் பிறகு சரி செய்துகொள்ளவும் ஒரு பிரிவு இருக்கிறது. அபராதம் ஒரு கோடி ராண்ட் வரை போகலாம்.

கீழே இருக்கும் ஈரத்தில் நாணல் இருந்தால் தவளை நிபுணரை அழைப்பார்கள். பிக்கர்ஸ்கில் நாணல் தவளை உலகத்திலேயே க்வாஸுலு நட்டால் கடலோரத்தில் மட்டும்தான் உண்டு. மூன்று சென்டிமீட்டர்கூட வராது. அதன் குரல் பூச்சிச் சத்தம் மாதிரி மெலிசாக இருக்கும், மற்ற தவளைகள் கத்தினால் அமுங்கிவிடும். அதனால் அது கத்தும் கோடை மாதங்களில்தான் ஆய்வு செய்ய முடியும். ஜூன் மாதம் ஆளைக் கூப்பிட்டால், கோடையில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவார். காலண்டரை அதற்கேற்ப வையுங்கள்.

களையைப் பற்றி ஒரு தர்மசங்கடம். இங்கே நம்மவர்கள் மாரியம்மன் கூழுக்கு வேப்பிலையாகப் பயன்படுத்துவது சிரிங்கா மரத்தின் இலையை. மலைவேம்பு என்ற பெயர் இதற்கும் உண்டு. முதல் தலைமுறை வந்து இறங்கி, வேம்பு இல்லாத ஊரில் கிட்டத்தட்ட அதே இலையைக் கண்டு கையில் எடுத்திருக்கும். ஆனால் அரசுப் பட்டியலில் சிரிங்கா படையெடுக்கும் அயல் மரம். நகர்ப்புறத்தில் ஏற்கெனவே இருப்பது நிற்கலாம், புதிதாக நடவோ விற்கவோ கூடாது. ஆற்றோரத்தில் இருந்தால் அதையும் அகற்ற வேண்டும். கல்லுக்குப் பக்கத்தில் நின்ற ஒரு சிரிங்காவை நாங்கள் விட்டோம், ஓடை ஓரத்தில் நின்ற நாலை வெட்டினோம். ஆயாவுக்கு வருத்தம்தான். உண்ணிச்செடியும் குரோமோலீனா என்ற களையும் கட்டாயம் ஒழிக்க வேண்டியவை, அவற்றில் சங்கடம் எதுவும் இல்லை. மாமரம் இந்த மண்ணின் மரமல்ல, அதனால் இயற்கைச் சட்டம் அதற்காக வரிந்து கட்டாது. அதைக் காப்பது குடும்பம்தான்.

தண்ணீர்

2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனிலும் சுற்றுப் பகுதிகளிலும் 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் மழை. அதைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பகுதியை நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை.

ஓடையிலிருந்து 32 மீட்டருக்குள் 100 சதுர மீட்டருக்கு மேல் எதைக் கட்டுவதானாலும், சுற்றுச்சூழல் அனுமதி வேண்டுமா என்று மதிப்பீட்டாளரிடம் முதலில் கேட்டுவிடுங்கள். ஈரநிலத்திலிருந்து 500 மீட்டருக்குள் என்றால் நீர்த்துறையின் கேள்வி வரும், உங்கள் மனைக்கு வெளியே இருக்கும் ஈரநிலமானாலும்தான். நூறாண்டு வெள்ளக் கோட்டை, அதாவது நூறாண்டில் ஒருமுறை வரக்கூடிய வெள்ளம் எட்டும் கோட்டை, பொறியாளர் வரைபடத்தில் குறிக்க வேண்டும், அதற்குக் கீழே வீடு கிடையாது.

மண்ணையும் சொல்லிவிடுகிறேன். டர்பன் மேட்டில் இருப்பது பெரியா செம்மணல் என்று பெயர் பெற்ற மண். காய்ந்த நாளில் வெட்டினால் சுவர் மாதிரி நிற்கும், கையில் பிடித்தால் மிளகாய்ப் பொடி நிறம். செடியை வழித்துவிட்டு ஒரு மழை விட்டுப் பாருங்கள், காலையில் பள்ளம் பறித்திருக்கும், மண் பூராவும் கீழ்வீட்டுக்காரர் முற்றத்தில். நனைந்தால் சுமை தாங்காமல் திடீரென்று அமுங்கும் குணமும் அதற்கு உண்டு. மண் பரிசோதனைக்குக் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள்.

இப்போது பிளான்

இத்தனையையும் ஒரே தாளில் ஏற்றுங்கள். கிணறு, கல், மாமரம், படிகள், பச்சோந்திப் புதர், ஈரநிலம், 32 மீட்டர் கோடு, குழாய் வழி. மிச்சம் இருக்கும் வெள்ளைதான் உங்கள் மனை. எங்களுக்கு மேல் மூலையில் ஒன்றரை ஏக்கர் கிடைத்தது, பழைய வீடு நின்ற அதே இடம். பழைய ஆட்கள் எங்கே வீடு கட்டுவது என்று தெரிந்துதான் கட்டியிருக்கிறார்கள்.

பதினெட்டுத் தனி வீடுகள் என்று குடும்பம் கனவு கண்டிருந்தது. ஒட்டிய வீடுகளாக, இரண்டு மாடியாக, பதினான்கு வந்தது. நாலு குறைவு. ஆனால் சரிவில் தாங்குசுவர் கட்டும் செலவு மிச்சம், ரோடும் பாதி நீளம். மாமர வரிசைக்கு நடுவே நடைபாதை. படிகளை அப்படியே விட்டு நுழைவாசலாக்கினோம். கல்லுக்கு ரோட்டிலிருந்து நேராக ஒரு வழியைப் பத்திரத்திலேயே வழியுரிமையாக எழுதினோம், நாளைக்கு வீடு வாங்குபவர் கேட் போட்டுச் சாட்ஸ்வொர்த் அம்மாவை நிறுத்தாமல் இருக்க. கீழ்ப்பக்க வேலியில் தரையோடு இடைவெளி, சின்ன விலங்குகள் போய்வர. அந்தப் பக்கம் தெருவிளக்கு இல்லை.

மாநகராட்சி வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், அதற்கு உங்களுக்கு ஆள் இருப்பார். மனை பிரிப்பும் ரீஸோனிங்கும் நகரத் திட்டப் பிரிவில். கட்டட வரைபடம் சாகாப் என்ற கட்டடக் கலைஞர் பதிவுக் குழுவில் பதிவு பெற்றவர் பெயரில் போக வேண்டும். 500 சதுர மீட்டருக்குக் கீழ் என்றால் 30 நாளில், மேல் என்றால் 60 நாளில் பதில் சொல்ல வேண்டும் என்பது சட்டம். கேள்வி கேட்டுத் திருப்பினால் ஓட்டம் மறுபடி முதலிலிருந்து. ஒப்புதல் கிடைத்த பன்னிரண்டு மாதத்துக்குள் தொடங்காவிட்டால் காலாவதி. கட்டுபவர் என்எச்பிஆர்சி (வீடு கட்டுபவர்களைப் பதிவு செய்யும் அமைப்பு) பதிவு உள்ளவரா என்று பாருங்கள், வேலை தொடங்குவதற்கு 15 நாள் முன்பே ஒவ்வொரு வீட்டையும் அங்கே சேர்க்க வேண்டும். அப்போதுதான் ஐந்து ஆண்டுக் கட்டுமான உத்தரவாதம்.

வேலை தொடங்கும் நாள்

டிஎல்பி வருவதற்கு முந்தின நாள் வரைதான் எல்லாம் காகிதம். அந்த ஓட்டுநருக்கு அமாஃபாவும் தெரியாது, பச்சோந்தியும் தெரியாது, அவருக்கு மணிக்கணக்கில் கூலி. ஆகவே தொடக்கூடாத இடங்களுக்கு ஆரஞ்சு வலை வேலி கட்டுங்கள், வெறும் நாடா போதாது. ஒப்பந்தத்தில் வேலியைத் தாண்டினால் இத்தனை ராண்ட் பிடித்தம் என்று எழுதுங்கள். ஜூலுவில் பேசத் தெரிந்த ஒருவரை வைத்து ஆட்கள் எல்லோருக்கும் இடத்தைச் சுற்றிக் காட்டுங்கள். கல்லைக் காட்டி, இது எங்கள் மூதாதையர் இடம் என்று சொன்னதும் அவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

புதரைக் கையால் வெட்டுங்கள், ரோட்டுப் பக்கம் தொடங்கி ஓடைப் பக்கமாக, சில நாள் எடுத்து. ஓட முடிந்தவை ஓடட்டும். பச்சோந்திகளை அவற்றைப் பிடித்து மாற்ற அனுமதி உள்ளவர் வந்து இரவில் எடுத்துக் கீழ்ப்புதரில் விட வேண்டும், நீங்களே செய்யாதீர்கள். பறவைகள் கூடு கட்டும் வசந்த, கோடை மாதங்களைத் தவிர்க்க முடிந்தால் நல்லது. கருமாம்பா இந்த ஊரின் நிரந்தரக் குடிமகன், அதுவும் கல் குவியல் என்றால் விடாது. பாம்பு பிடிப்பவர் எண் சுவரில் எழுதியிருக்கட்டும்.

தோண்டும்போது எலும்போ பழைய பானையோ கல்லறைக் கல்லோ வந்தால் அந்த இடத்தில் வேலை நிற்க வேண்டும். அமாஃபாவுக்குச் சொல்ல வேண்டும். மனித எலும்பு என்றால் போலீசுக்கும். மண்ணைப் போட்டு மூடிவிடலாம் என்று ஒருவர் நிச்சயம் சொல்வார். அவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

மேல்மண்ணைத் தனியாக ஒதுக்கி வையுங்கள், கடைசியில் சரிவில் பரப்பி உள்நாட்டுச் செடிகளை நட அதுதான் வேண்டும். மழைநீர்த் தேக்கக் குழியைக் கடைசி வேலையாக வைக்காமல் முதல் வேலையாகத் தோண்டுங்கள், கட்டும் காலத்துச் சேறு அதில் தங்கும்.

எங்கள் கிணற்றைப் பொறியாளர் மூடச் சொன்னார். ஆயா முடியாது என்றார். கடைசியில் இரும்புக் கம்பி வலை போட்டு, சுற்றி இரண்டடிச் சுவர் எழுப்பினோம். அம்மா மூடச் சொன்னதை எழுபது வருஷம் கழித்துச் செய்தாயிற்று என்று சொல்லிவிட்டு, மாங்காய் பறிக்கப் பையனை மரத்தில் ஏற்றினார்.